சாம்பலாய்ப் போன உப்பு

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி



"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்ற பழமொழியை ஆறாம் வகுப்பிலேயே படித்து, பொருள் எழுதி, இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஆனால் அதன் உண்மைப் பொருள் எனக்கு விளங்கியது இந்த ஆண்டில்தான். அதை விளக்கியது பாடநூல் அன்று. நான் எடுத்த ஒரு புகைப்படமும், அதைப் பார்த்து எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி சொன்ன சில வார்த்தைகளுமே. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். இது எனக்குப் பெருமை சேர்க்கும் கதை அல்ல. ஆயினும் உங்களில் யாருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் துணிந்து எழுதுகிறேன்.

எங்கள் தூத்துக்குடிப் பள்ளியில் இந்த ஆண்டு ஜூன் மாதம் புகைப்படக் குழு ஒன்று தொடங்கப்பட்டது. பழைய மாணவியர் இருவர் அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு டிஜிட்டல் காமிராக்களே எங்கள் முழுச் சொத்து. பதினான்கு பேர் சேர்ந்தோம். ஒருத்திக்கு இரண்டு நாள் என்று முறை வைத்துக் காமிராவை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்டூடியோவில் அஞ்சலட்டை அளவுக்கு அச்சுப் போட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கொண்டுவர வேண்டும். பழைய தையல் அறையின் நீண்ட மேசைமேல் எல்லாப் படங்களையும் பரப்பி வைப்போம். படத்தில் பெயர் எழுதக் கூடாது. யாருடைய படம் என்று தெரியாமலே மற்றவர்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும். இது எங்கள் பொறுப்பாளரான சிஸ்டர் வகுத்த விதி.

முதல் மூன்று வாரங்கள் எங்களுக்கு ஒரே ஆனந்தம்! எந்தப் படத்தை எடுத்தாலும், "சூப்பர்!" "ரொம்ப அழகு!" "பிரமாதம்!" என்று தையல் அறையே அதிரும். ஒருத்தி கடற்கரையை எடுத்திருந்தாள். கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்னும் கொஞ்சம் விட்டால் தண்ணீரெல்லாம் மேசையில் கொட்டிவிடும் போலிருந்தது. அதற்கும் "சூப்பர்!" இன்னொருத்தி தன் தம்பியை எடுத்திருந்தாள், அவன் தலைக்குப் பின்னால் இருந்த மின்கம்பம் அவன் உச்சியிலிருந்து முளைத்ததுபோல் நின்றது. அதற்கும் "பிரமாதம்!"

மூன்றாம் வெள்ளிக்கிழமை சிஸ்டர் புன்னகையோடு கேட்டார்: "பதினான்கு படங்களுக்கும் ஒரே வார்த்தையா? இந்த வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாமே! அப்புறம் படத்தை எதற்கு மேசைமேல் வைக்கிறீர்கள்?"

நாங்கள் தலைகுனிந்தோம். உண்மையில் நாங்கள் படத்தைப் புகழவில்லை. என் படத்தை நீ புகழ், உன் படத்தை நான் புகழ்கிறேன் என்று பண்டமாற்று செய்துகொண்டிருந்தோம். அந்த மூன்று வாரங்களில் ஒருத்தியின் படமாவது முன்னேறியதா என்றால், இல்லவே இல்லை. கடல் சாய்ந்தபடியே கிடந்தது.

அன்று சிஸ்டர் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். ஒன்று, இந்தப் படத்தில் நீ என்ன பார்க்கிறாய்? இரண்டு, உன் கண் முதலில் எங்கே போகிறது, எங்கே போய் இடறுகிறது? மூன்று, அடுத்த முறை எடுக்கும்போது எதை மாற்றிப் பார்க்கலாம்? பேசுகிறவள் இந்த மூன்றுக்கும் வரிசையாக விடை சொல்ல வேண்டும். படம் எடுத்தவள் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. "அது எப்படியென்றால் சிஸ்டர்..." என்று விளக்கம் சொல்லக் கிளம்பக் கூடாது. "நாளைக்கு உன் படத்தைச் சுவரில் மாட்டினால், பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே!

ஆனால் தோழியரே, ஊஞ்சல் ஒரு பக்கம் உச்சிக்குப் போனால் அடுத்து மறுபக்க உச்சிக்குத்தானே போகும்? புகழ்வதை நிறுத்திய நாங்கள் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினோம். அதிலே முதல் மாணவி யார் தெரியுமா? நானேதான்.

நூலகத்தில் இருந்த புகைப்படக்கலைப் புத்தகத்தை இரண்டு நாளில் படித்து முடித்தேன். படத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமான பொருளைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதியைக் கற்றேன். அடிவானம் நேராக இருக்க வேண்டும், ஆளுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி வரக் கூடாது, ஜன்னலுக்கு எதிரே வைத்து எடுத்தால் முகம் இருண்டுவிடும் என்பனவெல்லாம் மனப்பாடம். கையில் அளவுகோல் இருந்தால் காண்பதையெல்லாம் அளக்கத் தோன்றும் அல்லவா? சிஸ்டரின் முதல் கேள்வியை வசதியாக மறந்துவிட்டு, நேரே குறைகளுக்குத் தாவினேன். நான் பேசும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கற்கண்டாக இனித்தது.

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மேசையில் ஒரு படம். சமையலறை, ஒரே ஒரு பல்பின் மஞ்சள் வெளிச்சம், ஓர் அம்மா தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவர் முகமும் கைகளும் கலங்கிப் போயிருந்தன. கை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. என் முறை வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "காமிராவைப் பிடித்த கை ஆடியிருக்கிறது. முகமே தெரியவில்லை. பேய் ஒன்று கஞ்சி ஊற்றுவதுபோல் இருக்கிறது!" என்றேன்.

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதவர்கள் இருவர். ஒருவர் சிஸ்டர். மற்றவள் மேசையின் கடைசியில் நின்ற எட்டாம் வகுப்புத் தங்கை. மணி அடித்து எல்லோரும் படங்களை எடுத்துக்கொண்டபோது அவள் அந்தப் படத்தை எடுத்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அது அவளுடைய படம் என்று அப்போதுதான் தெரிந்தது. மனத்தில் ஏதோ சுருக்கென்றது. ஆனால், 'உள்ளதைத்தானே சொன்னேன்!' என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. நான் வெளியே போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் படத்தில் தேதி என்ன என்று பார்த்தாயா?"

படத்தில் ஏது தேதி? எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லை சிஸ்டர்" என்றேன். "சரி, போய் வா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தங்கை குழுவுக்கு வரவில்லை.

இதற்கிடையில் காமிரா முறை எனக்கு வந்தது. ஊரே வியக்கும்படி ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தமிழ்நாட்டில் உப்பு மிகுதியாக விளைவது எங்கள் மாவட்டத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அப்பாவின் ஸ்கூட்டரில் உப்பளத்துக்குப் போனேன். கிழக்கே வானம் சிவந்து கிடந்தது. மலைபோல் குவித்த உப்பு. அதன் பக்கத்தில் ஓர் அம்மாவை நிற்கச் சொன்னேன். அவர் சேலைக்கு மேலே பழைய ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டியிருந்தார். அது படத்துக்கு அழகாக இராது என்று கழற்றச் சொன்னேன். தலையில் இருந்த சும்மாட்டையும் எடுக்கச் சொன்னேன். கூடையில் உப்பு இருந்தால் பாரமாக இருக்குமே என்று இரக்கப்பட்டு, வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கணக்கர் மகள் சொல்கிறாள் என்று அவரும் மறுபேச்சு இல்லாமல் எல்லாம் செய்தார். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி அவரை வலப்பக்கக் கோட்டில் நிறுத்தி, அடிவானத்தை நேராக்கி, பொத்தானை அழுத்தினேன். இதில் இனி யார் குறை சொல்ல முடியும்?

அந்த வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புத் தங்கை திரும்பி வந்திருந்தாள். என் போதாத காலம், என் படத்தைப் பற்றிப் பேசும் முறை அவளுக்கே வந்தது. அவள் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கரும்பலகைக் கேள்விகளின் வரிசைப்படியே மெல்லப் பேசினாள்.

"ஒரு அம்மா உப்புக் குவியல் பக்கத்துல நிக்கிறாங்க. பின்னால வானம் சிவப்பா, நல்லா இருக்கு. என் கண்ணு முதல்ல வானத்துக்குப் போச்சு. அப்புறம் கூடைக்குப் போச்சு, அங்கேயே நின்னுட்டுது. கூடையில உப்பு இல்ல. தலையில சும்மாடு இல்ல. உப்பு வேலையில மேல சட்டை போடாம நிக்க மாட்டாங்க, உடம்பு எரியும். அந்த அம்மா வேலை செய்யல. யாரோ நிக்கச் சொன்னாங்கன்னு நிக்கிறாங்க. அப்புறம், உப்பு இப்படி இருக்காது சிஸ்டர். இது சாம்பல் மாதிரி இருக்கு. அடுத்த தடவை அவங்க வேலை செய்யும்போதே எடுத்தா நல்லா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. என் காது மடல்கள் சூடாயின. விதி இருந்ததால் வாயை இறுக மூடிக்கொண்டேன். உள்ளுக்குள்ளே நூறு விளக்கங்கள் முட்டி மோதின. அந்த அம்மாவே விருப்பத்தோடுதான் நின்றார்! காமிரா பழையது! அச்சுப் போட்டவர் கெடுத்துவிட்டார்! இவள் பழிவாங்குகிறாள்!

கடைசியில் சிஸ்டர் உப்பு ஏன் சாம்பலாயிற்று என்று எல்லோருக்கும் விளக்கினார். காமிராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி இருக்கிறது. அதற்கு எது உப்பு, எது கரி என்று தெரியாது. எதிரே உள்ளது எதுவானாலும் அதை நடுத்தரமான சாம்பல் நிறம் என்று எண்ணியே அது கணக்குப் போடும். படம் நிறைய வெண்மை இருந்தால், 'ஐயோ, வெளிச்சம் அதிகம்!' என்று தானே குறைத்துவிடும். உப்பும் பனியும் சாம்பலாகும். படம் நிறையக் கறுப்பு இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கரியும் சாம்பலாகும். எனவே வெண்மையை வெண்மையாக எடுக்க வேண்டுமானால், கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட பொத்தானைக் கூட்டல் பக்கம் நாமே நகர்த்த வேண்டும். ஒன்று கூட்டினால் இரு மடங்கு ஒளி. இரண்டு கூட்டினால் நான்கு மடங்கு. உப்பளத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குள் கூட்டிப் பார்க்கலாம்.

நான் படித்த புத்தகத்திலும் இது இருந்தது. படித்தேன், ஆனால் என் படத்தில் பார்க்கவில்லை. பெட்டியைப் பெட்டியாகப் பார்த்தவள் அந்தத் தங்கைதான்!

மற்றவர்கள் போன பிறகு சிஸ்டரிடம் பொருமினேன். "நான் அவள் படத்தைக் கேலி செய்ததற்காக வேண்டுமென்றே சொல்கிறாள், சிஸ்டர்." சிஸ்டர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். "படத்தில் பெயர் இல்லையே, அம்மா. அது உன்னுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு வாயடைத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டார்: "நேத்து ரசத்துல உப்பு இல்லேன்னு நீ சொன்னியே, நான் அழுதேனா? நீ சொன்னதும் வாயில ஊத்திப் பாத்தேன். இல்லேன்னுதான் தெரிஞ்சுது, போட்டேன். உப்பு இருந்திருந்தா, 'இருக்கு, போடீ'ன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்!"

அம்மா காமிராவைக் கையால் தொட்டது இல்லை. ஆனால் விமர்சனத்தை எப்படி ஏற்பது என்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. யாராவது குறை சொன்னால் உடனே அழவும் வேண்டாம், சண்டைக்குப் போகவும் வேண்டாம். வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். உண்மை என்றால் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

மறுநாள் நூலகத்தில் சிஸ்டர் எனக்கு ஒரு பெண்மணியின் வரலாற்றை எடுத்துக் கொடுத்தார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் வைட் தீவில் வாழ்ந்தபோது, 1863-ஆம் ஆண்டின் இறுதியில், அவருடைய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. ஆசிரியர் யாருமில்லை. கோழிக் கொட்டகையைப் படம் எடுக்கும் அறையாக்கினார். நிலக்கரி போட்டு வைத்த அறையை இருட்டறையாக்கினார். அந்நாளில் ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டில் படம் எடுக்க வேண்டும். எதிரே இருப்பவர் சில நிமிடங்கள்கூட அசையாமல் இருக்க வேண்டியிருக்கும். கேமரன் அம்மையாரின் படங்களில் முகங்கள் மென்மையாக மங்கியிருக்கும். தகட்டில் புள்ளிகளும் கீறல்களும் இருக்கும். அக்காலத்துப் புகைப்பட இதழ்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தன. மங்கல், அழுக்கு, கவனக்குறைவு என்றெல்லாம் எழுதின.

இதைப் படித்தபோது நான் யோசித்தேன். அந்த விமர்சகர்கள் சொன்னது சரியா, தவறா? புள்ளியும் கீறலும் இருந்தன என்பது உண்மை. அதைச் சொன்னவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். ஆனால் மங்கலையும் அதே கணக்கில் குற்றமாக எழுதியவர்கள், இந்த அம்மையார் என்ன செய்ய முயல்கிறார் என்று கேட்கவில்லை. ஊசி முனைபோன்ற தெளிவை அவர் விரும்பவில்லை. முகத்தின் உள்ளே இருப்பதைக் காட்ட விரும்பினார். ஆகவே கேமரன் அம்மையார் தம் மங்கலைக் கைவிடவில்லை. லண்டனில் இருந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-ஆம் ஆண்டிலேயே அவருடைய படங்களை வாங்கியது. அதுவே இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். அவை இன்றும் அங்கே உள்ளன. 1875-ல் அவர் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கேயும் சில படங்களை எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமானார். அவருடைய கல்லறை மலைநாட்டில் பொகவந்தலாவையில் இருக்கிறது.

மங்கல்! அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குத் தூக்குவாளியும் வெள்ளைப் புகையும் நினைவுக்கு வந்தன. சிஸ்டர் கேட்ட தேதியும் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் எட்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றேன். "அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுவியா?" என்று கேட்டேன். அவள் தயங்கினாள். பிறகு நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன். நான் என்ன பார்க்கிறேன்?

சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கியது. அதில் 12 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றும் தெளிவு. அடுப்பு மேடையில் இருந்த தீப்பெட்டியின் படம்கூடத் தெளிவு! காமிராவைப் பிடித்த கை ஆடியிருந்தால் படம் முழுவதுமல்லவா ஆடியிருக்கும்? நாட்காட்டியும் கம்பியும் அசையாமல் நிற்க, அந்த அம்மாவின் முகமும் கைகளும் மட்டும் கலங்கியிருக்கின்றன என்றால், அசைந்தது காமிரா அன்று, அந்த அம்மா.

"காமிராவ அரிசி டின் மேல வச்சு எடுத்தேன் அக்கா" என்றாள் அவள். "எங்கம்மா நாலு மணிக்கு உப்பளத்துக்குக் கிளம்பணும். லேட்டானா வேலை கிடைக்காது. அம்மா எப்பவும் ஓட்டம்தான். ஒரு நாளும் நின்னு நான் பாத்ததில்ல. அதைத்தான் எடுத்தேன்."

தோழியரே, அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்று எண்ணியிருந்தேனே, நான் சொன்னது உள்ளதே அல்ல! சொன்ன முறை மட்டுமா தவறு? சொன்ன செய்தியே தவறு. ஐந்து வினாடி கூடுதலாகப் பார்த்திருந்தால் நாட்காட்டி எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். சிரிக்க வைக்கும் அவசரத்தில் நான் பார்க்கவேயில்லை. அதுவும் யாரைப் பேய் என்றேன்? விடியுமுன் எழுந்து கஞ்சி ஊற்றும் ஒரு தாயை!

"என்னை மன்னிச்சிடு" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பல்பு வெளிச்சத்துல முகம் மஞ்சளாத்தான் விழுந்திருக்கு அக்கா. அதை யாரும் சொல்லல" என்றாள். தன் படத்தின் குறையைத் தானே எடுத்துச் சொன்ன அவளுடைய பெருந்தன்மையை நான் என்னவென்பது!

பனிமய மாதா திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமை அவளும் நானும் அவள் தாயார் வேலை செய்யும் உப்பளத்துக்குப் போனோம். அப்பா முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்திருந்தார். முதல் அரை மணி நேரம் காமிராவைப் பையிலிருந்தே எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். நீண்ட கைப்பிடி கொண்ட மரப்பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வரப்புக்கு இழுக்கிறார்கள். இழுக்கும்போது உப்பு நறநறவென்று ஓசையிடுகிறது. வெயில் ஏறினால் அந்த வெண்மை கண்ணைக் குத்துகிறது. நான் கழற்றச் சொன்ன அந்தச் சட்டை எதற்காக என்று அங்கே நின்றபோது என் கைகளே எனக்குச் சொல்லின.

யாரையும் நிற்கச் சொல்லவில்லை. ஒளியை ஒன்றேகால் அளவு கூட்டி வைத்தேன், பிறகு ஒன்றரை. இருபத்திரண்டு படங்கள் எடுத்ததில் இரண்டு தேறின. அதில் ஒன்றில் அந்தத் தாயார் சட்டையும் சும்மாடுமாகக் குனிந்து உப்பை இழுக்கிறார். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. ஆனால் உப்பு உப்பாக இருக்கிறது.

அச்சுப் போட்டு முதல் பிரதியை அவரிடமே கொடுத்தோம். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உப்பு நல்லா விளைஞ்சு கெடக்கு" என்று மகிழ்ந்தார். நான் பூரித்துப்போய் நின்றேன். பிறகு அவர், "ஆமா, எங் காலு ரெண்டையும் காணோமே பிள்ளே? உப்பளத்துல வேலை பாக்கது காலுதானே!" என்றார்.

பார்த்தேன். உண்மைதான். முழங்காலுக்குக் கீழே படத்தை வெட்டிவிட்டேன். நாளெல்லாம் உப்புநீரில் நின்று வெடித்துப்போன அந்தப் பாதங்களை நானே வெளியே தள்ளிவிட்டேன். இந்த முறை என் காது சூடாகவில்லை. விளக்கம் சொல்லவும் தோன்றவில்லை. "அடுத்த தடவை எடுக்கேன் சித்தி" என்றேன்.

பெற்றோர் தினக் கண்காட்சியில் அந்தப் படம் இடம்பெற்றது. பலர் பாராட்டினார்கள். எட்டாம் வகுப்புத் தங்கையின் படத்தையும் வைக்க வேண்டும் என்று நான் சிஸ்டரிடம் கேட்டேன். ஆனால் அவள் கொண்டுவரவில்லை. "அதை வீட்டுச் சுவத்துல மாட்டியாச்சு அக்கா. அம்மா எடுக்க விடமாட்டேங்கிறாங்க" என்றாள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் நான் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால், அந்தப் படம் பெற்றோர் அனைவரும் காணும்படி எங்கள் மண்டபத்தில் தொங்கியிருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அகல வேண்டாம் என்றே விட்டிருக்கிறேன்.

நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்கு மட்டும் அன்று, நண்பர் வழி தவறும்போது இடித்துச் சொல்வதற்கும்தான் என்று வள்ளுவர் கூறியதைத் தமிழாசிரியை வகுப்பில் விளக்கியிருக்கிறார். அதனுடன் நான் இந்த ஆண்டு கற்ற சிறு பாடத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். இடித்துச் சொல்லும் உரிமை முதலில் உற்றுப் பார்த்தவளுக்கே உண்டு. பார்க்காமல் புகழ்வதும் பொய். பார்க்காமல் இகழ்வதும் பொய். முதல் பொய்யால் என் படம் சாய்ந்தே கிடந்தது. இரண்டாம் பொய்யால் ஒரு தங்கையின் படம் நோட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

புகைப்படத்துக்கு மட்டுமல்ல, தோழியரே! பாட்டுப் போட்டிக்கும், கட்டுரைக்கும், கோலத்துக்கும், அம்மா வைக்கும் ரசத்துக்கும் இதுவே பொருந்தும். அடுத்தவர் படைப்பைக் கையில் எடுக்கும்போது அந்த மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் படைப்பை அடுத்தவர் எடுக்கும்போது, அவர் முடிக்கும்வரை வாயை மூடிக்கொள்ளுங்கள். அது கடினம்தான், ஆனால் அந்த மௌனத்தில்தான் நமக்குக் காது முளைக்கிறது.

இதை எழுதும்போது வெளியே மழை கொட்டுகிறது. உப்பளங்களில் வெள்ளம் நிற்கிறது. கரையில் குவித்த உப்பை ஓலை வேய்ந்து மூடிவிட்டார்கள். பொதுத்தேர்வு முடியட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குள் வெயில் வந்துவிடும், பாத்திகளில் உப்பு பூத்துவிடும். அப்போது மீண்டும் போவேன். இந்த முறை அந்தப் பாதங்களையும் எடுப்பேன். எடுத்து வந்து, பெயர் எழுதாமல், பழைய தையல் அறை மேசைமேல் வைப்பேன்.